நாலு விரல் மண்

முதல் சொட்டு அப்பாவின் காதுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. வெங்கிடாசலம் மட்டும்தான் பார்த்தான். இரண்டாவது சொட்டு இறங்குவதற்குள் கையைக் குழித்து நீட்டிவிட்டான். கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவனைப் போல, இறந்து கிடக்கும் தகப்பனின் தலைமாட்டில் உட்கார்ந்து, மேலேயிருந்து ஒழுகும் மழைத் தண்ணீரை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டிருந்தான். கை நிறைந்ததும் துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடியும் நீட்டினான்.

மணி பத்தரை. வெளியே, வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மாதமாக மட்டாஞ்சேரி முழுக்க வானத்தைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்த மழை. இன்றைக்குத்தான் அதற்கு வழி தெரிந்தது போலும். அப்பா ராமபத்ரன் காலை ஐந்தரை மணிக்குக் காப்பியைக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்து, சுவரில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே போய்விட்டார். எழுபத்திரண்டு வயது. கோயம்புத்தூரிலிருந்து தங்கை சுந்தரி வரவேண்டும். ரயில் பிடித்து எர்ணாகுளத்தில் இறங்கி, போட்டில் ஏறி மட்டாஞ்சேரி ஜெட்டிக்கு வர எப்படியும் ஒரு மணியாகும். அவள் முகம் பார்க்காமல் எடுக்க முடியாது என்பதால் எல்லோரும் காத்திருந்தார்கள்.

கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மூலையில், காரியம் செய்துவைக்க வந்த வாத்யார் தர்ப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். திருப்பூணித்துறையிலிருந்து வந்திருந்த சித்தப்பா செல்லப்பா, அப்பாவின் ஒரே தம்பி, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். இழவு வீடானாலும் கல்யாண வீடானாலும் அவருக்கு அந்த இடம்தான்.

"என்னடா கையை நீட்டிண்டு உக்காந்திருக்கே?" என்றார்.

"ஒண்ணுமில்லை சித்தப்பா."

ஒன்றுமில்லை என்று சொன்ன வாய் மூடுவதற்குள், இன்னொரு இடத்தில், அப்பாவின் தோளுக்கு நேரே ஒரு சொட்டு விழுந்தது. வெங்கிடாசலத்துக்கு இரண்டு கைதான் இருந்தது. மூன்றாவது இடத்திலும் சொட்ட ஆரம்பித்தபோது சமையலறை வாசலில் நின்றிருந்த சீதாலக்ஷ்மி பார்த்துவிட்டாள். அவன் மனைவி. உள்ளே போய் ஒரு பித்தளைப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ணங் என்று சத்தம் கேட்டதும் கூடமே தலையைத் தூக்கி மேலே பார்த்தது.

உள்சுவரும் கூரையின் கான்கிரீட் சிலாப்பும் சேருகிற இடத்தில், ஒரு முழ நீளத்துக்கு ஈரம் கறுத்திருந்தது. போன வருஷம் கறுத்திருந்த அதே இடம். வெங்கிடாசலத்துக்கு முகம் சுட்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. செத்தவர் முகத்தில் என்ன தெரியப்போகிறது? ஆனாலும் பார்க்கவில்லை.

அந்தச் சிலாப்பின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். எழுபத்தேழில் ஓட்டு வீட்டின் முன்பாதியைப் பிரித்து டெரஸ் வார்த்தார்கள். தெருவில் நாலாவது டெரஸ் வீடு என்று வெங்கிடாசலத்துக்கு அப்போது தலைகால் புரியவில்லை. முதல் கோடையிலேயே பெருமை வியர்வையாக ஒழுகியது. ராத்திரி படுத்தால் தோசைக்கல்லுக்கு அடியில் படுத்த மாதிரி இருந்தது. தேயிலைக் கிடங்கில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த அப்பா, ஒரு வாரம் மேலே ஏறி இறங்கி யோசித்துக்கொண்டேயிருந்தார். பிறகு வேலையை ஆரம்பித்தார்.

ஆள் வைத்துக்கொள்ளவில்லை. தகர டின்னில் தாரைக் காய்ச்சி மூன்று பூச்சுப் பூசினார். அதன்மேல் சாக்கு, மறுபடி தார். பழைய கூரையிலிருந்து இறக்கிய ஓடுகளை உடைத்து, தண்ணீர் வடிந்து குழாய்க்குப் போகிறமாதிரி பரப்பினார். அதன்மேல் மணல். கடைசியாக, தேங்காய் மட்டை அடித்தபின் மிஞ்சும் தூளைக் கயிற்றுக் கிடங்கிலிருந்து அள்ளி வந்து, மண்ணோடு கலந்து, நாலு விரல் உயரத்துக்கு நிரப்பினார். நாலு விரலுக்கு மேல் ஒரு கூடை மண் கூடினாலும் திரும்ப இறக்கிவிடுவார். சிலாப்பு தாங்க வேண்டாமா என்பார். வேர் ஆழமாகப் போகாத புல்லாகப் பார்த்து நட்டார். மழை வந்ததும் டெரஸ் முழுக்கப் பச்சைப் பாய் விரித்துவிட்டது. அடுத்த கோடையில் கூடத்தில் மின்விசிறியை ஒன்றில் வைத்தால் போதுமாக இருந்தது.

போட்டால் மட்டும் போதுமா? தினமும் காலையில் குந்தி உட்கார்ந்து, காக்கை எச்சத்தில் முளைக்கிற ஆலங்கன்றுகளைத் தேடித் தேடிப் பிடுங்குவார். விட்டால் வேர் சிலாப்பைப் பிளந்துவிடும். குழாய் வாயை அடைக்கிற சருகைக் கையால் அள்ளுவார். கோடையில் அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், ஒரு துளி கீழே போகவிடமாட்டார். ஆறு வருஷம் அப்படி நடந்தது.

வெங்கிடாசலத்துக்கு அந்தப் புல் ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தது. கெட்டது ஒரு ஆட்டினால். மட்டாஞ்சேரி ஆடுகள் யாருக்கும் பயப்படாதவை. கடைக்குள் ஏறிச் சாக்கைத் தின்னும், பஸ்ஸை நிறுத்தும். போன ஓணத்துக்கு முன்னால் ஒரு ஆடு வெளிப்படி வழியாக டெரஸுக்கு ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து வெங்கிடாசலத்தின் கப்பல் கம்பெனி மேனேஜர், மகள் கல்யாணப் பத்திரிகையோடு காரில் வந்து இறங்கினார். நிமிர்ந்து பார்த்தால், கைப்பிடிச் சுவருக்கு மேலே தாடியும் கொம்புமாக ஒரு முகம், வாய் நிறையப் புல்லோடு, அவரைப் பார்த்து மென்றுகொண்டிருந்தது. மேனேஜர் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தெருவும் சிரித்தது. அப்பாவும்தான் சிரித்தார். மறுநாளிலிருந்து ஆபீஸில் வெங்கிடாசலத்துக்குப் பேர் 'புல்லுசாமி'. பியூன்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னான்.

அதோடு போயிருக்கலாம். ஐப்பசியில், துலா மழையில் கூடத்துச் சுவர் ஓரமாகக் கசிந்தது. டெரஸ் வார்த்த மேஸ்திரி செல்லதுரையைக் கூட்டி வந்து காட்டினான். திருநெல்வேலிக்காரன், கொச்சிக்கு வந்து இருபது வருஷம் ஆனவன். அவன் மேலே ஏறி, ஒரு ஓரத்தில் மண்ணைக் கிளறிப் பார்த்து, சுவர் மூலையில் விரலை விட்டுப் பார்த்து, தெளிவாகவே சொன்னான். மண்ணால் ஒன்றுமில்லை, பழைய சுவரும் புதுச் சிலாப்பும் சேருகிற இடம் வாய் விட்டிருக்கிறது, ஒருநாள் வேலை, பூசிவிட்டால் தீர்ந்தது என்றான். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டான் வெங்கிடாசலம்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மேஸ்திரி வந்து பாத்தான். மண்ணுதான் காரணம்னு பறஞ்சான். இப்படியே விட்டா ரெண்டு வருஷத்துல சிலாப்பு கீழே வந்துடுமாம்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். "செல்லதுரையா சொன்னான்?"

"ஆமாம்."

"சரி."

அவ்வளவுதான். தை பிறந்ததும் அப்பாவே மண்ணை இறக்க ஆரம்பித்தார். கூடை கூடையாக, இருபத்தைந்து நாள். ஆள் வைக்கிறேன் என்று வெங்கிடாசலம் ஒருதரம் சொன்னான். வேண்டாம் என்றார். அவன் ஆபீஸ் போகிறபோது படியில் இறங்கிக்கொண்டிருப்பார், வருகிறபோதும் இறங்கிக்கொண்டிருப்பார். சுவர் மூலையை அவன் பூசவில்லை. பூசினால், அப்புறம் எதற்கு மண்ணை எடுத்தோம் என்று கேள்வி வரும். அந்தச் சித்திரையில் கூடம் பழையபடி அடுப்பானது. அப்பா தரையில் தண்ணீர் தெளித்து, துண்டை நனைத்து மார்பில் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

இப்போது அதே தரையில்தான் படுத்திருந்தார். "தள்ளிப் படுக்க வைக்கணும்," என்றார் வாத்யார். நாலு பேர் பிடித்துப் பாயோடு அப்பாவை வாசல் பக்கம் நகர்த்தினார்கள். வெங்கிடாசலம் கால்மாட்டைப் பிடித்தான்.

சித்தப்பா மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "மேத்த டெரஸ்ல இப்போ ஒரு பிடி மண்ணு கிடையாதே. பின்னே எப்படிடா ஒழுகறது?"

சொட்டு பாத்திரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆச்சு, இதோ வரப்போகிறது என்று வெங்கிடாசலம் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் சித்தப்பா யாரிடமும் பதிலை எதிர்பார்க்கிற மனிதர் இல்லை. கேள்வியையும் அவரே கேட்டு, பதிலையும் அவரே சொல்லித்தான் பழக்கம்.

"ஆறு வருஷம் ஈரம் நின்னா சிலாப்பு ஊறிப்போகாம என்ன செய்யும்? அண்ணா செஞ்ச வேலையாக்கும் இது. நல்ல மனுஷன்தான், இல்லேங்கலை. ஆனா வீட்டு மேல வயல் வைக்கறவா உண்டோ? போறபோது தன் தலையிலேயே சொட்ட வெச்சிண்டு போறார் பாரு."

இரண்டு பேர் ஆமோதித்தார்கள். ஒருவர் லேசாகச் சிரிக்கக்கூடச் சிரித்தார். வெங்கிடாசலம் வாயைத் திறந்தால் போதும். 'அப்பா மேல தப்பில்லை சித்தப்பா' என்று நாலு வார்த்தை. நாக்கு எழும்பவில்லை. செத்துக் கிடக்கிற அப்பாவின் மேல் பழி விழுகிறது, தப்பித்தோம் என்று தன் மனசின் ஒரு மூலை மூச்சு விடுகிறது. அதை உணர்ந்தபோதுதான் அவனுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

வராந்தாவில் செல்லதுரை நின்றிருந்தான். சேதி கேட்டு வேலைத்தலத்திலிருந்து நேராக வந்திருந்தான். சிமெண்டுக் கால், இடுப்பில் துண்டு. சித்தப்பா அவனைக் கண்டுவிட்டார்.

"மேஸ்திரி, இங்கே வாரும். நீர்தானே அன்னிக்குப் பாத்துட்டு இவன்கிட்டச் சொன்னது, மண்ணுனாலதான் சிலாப்பு போறதுன்னு?"

செல்லதுரை வெங்கிடாசலத்தைப் பார்த்தான். வெங்கிடாசலம் தரையைப் பார்த்தான்.

"ஆமா சாமி," என்றான் செல்லதுரை. "நாந்தான் சொன்னேன்."

சித்தப்பா கையை விரித்துக் காட்டினார். தன் வழக்கு ஜெயித்துவிட்ட திருப்தியில் மறுபடி மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தார்.

கொஞ்சநேரம் கழித்து, மூங்கில் வந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் வெங்கிடாசலம் வெளியே வந்தான். வீட்டின் பக்கவாட்டில், ஓட்டு இறவாரத்துக்கு அடியில் செல்லதுரை பீடியைப் பற்றவைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"ஏன் அப்படிச் சொன்னீர்?" என்றான் வெங்கிடாசலம்.

"பெரியசாமி சொல்லச் சொன்னாவ."

"யாரு? அப்பாவா?"

"மார்கழி மாசம் என் வேலைத்தலத்துக்கே வந்துட்டாவ. தோப்பும்படியில சாரத்துக்குக் கீழ நின்னுக்கிட்டு, 'செல்லதுரை, நீ மண்ணுனாலன்னா சொன்னே?'ன்னாவ. எனக்கு ஒண்ணும் விளங்கல. 'நான் அப்படிச் சொல்லலையே சாமி, சொவரு வாய் விட்ருக்குன்னுதான சொன்னேன்'னேன். நான் அறிஞ்சா சொன்னேன்? உள்ளதைச் சொல்லிட்டேன்."

மழை இறவாரத்திலிருந்து கயிறு கயிறாக இறங்கியது. வெங்கிடாசலம் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான்.

"முதல்ல நல்லாத் திட்டினாவ உங்கள. 'புல்லு வெட்கமா இருக்குன்னா எங்கிட்ட நேரா சொல்லித் தொலைக்கப்படாதா'ன்னு. நான் வாங்கிக் குடுத்த சாயாகூட குடிக்கல. நடந்து பாதி ரோடு போயிட்டுத் திரும்பி வந்தாவ. 'எவனாவது கேட்டா நீ சொன்னதாவே இருக்கட்டும், ஆபீஸ் போற பையன், நாலு பேர் நடுவுல பொய்க்காரனா நிக்கப்படாது'ன்னாவ."

"வேற என்ன சொன்னார்?"

செல்லதுரை பீடியைக் காதில் செருகினான். சொல்ல யோசிக்கிறான் என்று தெரிந்தது.

"சொல்லும்."

"அந்த மூலையை நான் சும்மாவே வந்து பூசித் தாரேன்னேன் சாமி. வேண்டாம்னுட்டாவ. 'மழை பெய்யட்டும், அவனே அண்ணாந்து பாக்கட்டும், அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்'னு சொல்லிச் சிரிச்சாவ."

வெங்கிடாசலம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். எல்லாம் தெரிந்துகொண்டா இருபத்தைந்து நாள் கூடை சுமந்தார்? ஒவ்வொரு நாளும் படியில் எதிரே வந்தபோது 'போயிட்டு வா' என்று சொன்னாரே, அது தெரிந்துகொண்டா? இந்த மழைக்காகக் காத்திருந்தவர், ஐந்து மணி நேரத்தில் தவறவிட்டுவிட்டார்.

"இனி உங்க இஷ்டம்," என்றான் செல்லதுரை. "நான் மாத்திச் சொல்லமாட்டேன்."

ஒன்றேகாலுக்குச் சுந்தரி வந்தாள். மழையில் நனைந்து, ஜெட்டியிலிருந்து ஓடியே வந்திருந்தாள். அப்பாவின் மேல் விழுந்து அழுதபோது, அவளைத் தூக்கிவிடப் போன பெண்களும் சேர்ந்து அழுதார்கள். வெங்கிடாசலம் அழவில்லை. அழுதால் அது பொய்யழுகையாகத் தோன்றுமோ என்று அவனுக்கு ஒரு பயம். குளிப்பாட்டினார்கள், மந்திரம் சொன்னார்கள், சொல்லச் சொன்னதை அவனும் சொன்னான். நெருப்புச் சட்டியைக் கையில் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். நெருப்பு அணையாமலிருக்க ஒருவர் அவன் தலைக்கு மேல் குடை பிடித்தார். வழியெல்லாம் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். "பாவம், ராமபத்ரன் சாமிக்கு நல்ல மோன்," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

திரும்பி வந்தபோது மணி ஐந்து. மழை விட்டிருந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுத் தலை முழுகியிருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வந்திருந்தது. சீதாலக்ஷ்மி அவனிடம் காய்ந்த வேட்டியைக் கொடுத்துவிட்டு, "சுந்தரி மேத்த போயிருக்கா. அரை மணியாச்சு. போய்க் கூட்டிண்டு வாங்கோ," என்றாள்.

கைப்பிடி இல்லாத வெளிப்படியில் ஏறினான். மண்ணை எடுத்த பிறகு அவன் இங்கே வருவது இதுதான் முதல் தரம். சிலாப்பு சாம்பல் நிறத்தில் வெறுமையாகக் கிடந்தது. அங்கங்கே தார் திட்டு. ஒரு துணுக்கு ஓடு, ஒரு வேர்கூட மிச்சமில்லை; பெருக்கித் துடைத்த மாதிரி இருந்தது. நடுவில் சுந்தரி, ஈரத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான் போன தடவை வந்தபோது இங்கே படுத்துண்டிருந்தேன்," என்றாள். "முதுகெல்லாம் புல்லு ஒட்டிண்டுது. அப்பா ஒண்ணொண்ணா எடுத்துவிட்டார்."

அவன் ஒரு தார் திட்டைக் காலால் தேய்த்தான்.

"முட்டு வலிக்கறது, இனிமே மேத்த ஏறிச் செடிக்கு வெள்ளம் கோரி ஊத்த முடியாது, அதனால தோட்டத்தை நானே எடுத்துட்டேன்னு கார்டு போட்டார். நானும் சரின்னு விட்டுட்டேன். இப்போ வந்து பாக்கறேன்." அவள் சிலாப்பைச் சுற்றிப் பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஏற முடியாதவர் இத்தனை மண்ணையும் எப்படிடா இறக்கினார்?"

பதில் தயாராக இருந்தது. மேஸ்திரி சொன்னான் என்று ஒரு வாக்கியம். அதற்கு நாலு பேர் முன்னால் சாட்சியும் சொல்லியாகிவிட்டது. அப்பாவே அதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருந்தார். அதைச் சொல்லாவிட்டால், அப்பா அவனுக்காகச் செய்த கடைசிக் காரியத்தையும் கெடுத்ததாகும். சொன்னால், இந்த வெறும் சிலாப்பின் மேல் நின்றுகொண்டு இன்னொரு தரம் சொன்னதாகும்.

"மேஸ்திரி அப்படிச் சொல்லவே இல்லை, சுந்தரி," என்றான்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"எந்த மேஸ்திரி?"

கீழே சித்தப்பா காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். வெங்கிடாசலம் அந்த ஈரத்திலேயே, உடுத்தியிருந்த காய்ந்த வேட்டியோடு உட்கார்ந்தான். சுந்தரி புடவையை ஒதுக்கிக்கொண்டு அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.